‘மௌனம்’ என்று எழுதியிருந்த இடம்

போன மாதம் ஒரு பிள்ளை ஃபோன் எடுத்தாள். நான் ஓய்வு பெறும்வரை செய்த வேலையை இப்போது அவள்தான் செய்கிறாள். நாடக வாசிப்புகள் எல்லாம் கணினித் திரைக்கு மாறிவிட்டனவாம். நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்து வாசிக்கிறார்களாம். "ஒரு நடிகர் கொஞ்சம் மௌனமாக இருந்தால், இணையம் அறுந்துபோச்சு என்று நினைத்து ஆட்கள் விட்டுப் போகிறார்கள். நீங்கள் மண்டபத்தில் மௌனத்தை எப்படிப் பிடித்து வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டாள்.

மூச்சைக் கவனி என்று சொன்னேன். சனங்களின் மூச்சு ஒரே சீராக வரும்வரை மௌனம் உயிரோடு இருக்கும், யாராவது இருமினால் முடித்துவிட வேண்டும் என்று சொன்னேன். அது தொழிலுக்கான பதில். இன்னொன்றும் இருந்தது. அதை ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பரமேஸ்வரி. ஓக்லாந்தில் எல்லோருக்கும் பரம். யாழ்ப்பாணத்திலிருந்து கணவரோடும் மகளோடும் வந்தபோது எனக்கும் மேடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் பொதி கட்டினேன். மகளின் பாடசாலை நாடகத்துக்குக் கதிரை அடுக்கப் போனவள், பிறகு ஒரு சமூக அரங்கில் கதிரை அடுக்கினேன். திரை இழுத்தேன், தரையில் நாடா ஒட்டினேன், நடிகர்கள் வரியை மறந்தால் எடுத்துக் கொடுத்தேன். அப்படியே மேடை மேலாளர் ஆனேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. கால் வலித்தது, சந்தோஷமாக இருந்தேன்.

அபீனாவிடம் நான் வேலைக்குச் சேர்ந்தது இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு. கானாவிலிருந்து வந்து, இங்கே நெடுங்காலம் பாடசாலை ஆசிரியையாக இருந்தவர். நியூசிலாந்தில் வாழும் கறுப்பின எழுத்தாளர்களின் புதிய நாடகங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு கொடுக்கும் சிறிய அறக்கட்டளையை அவர்தான் நடத்தினார். ஆப்பிரிக்காவையோ கரீபியத் தீவுகளையோ பூர்வீகமாகக் கொண்டவர்கள் எழுதியிருக்க வேண்டும், எந்த மேடையும் ஏறாத நாடகமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

சேர்ந்த புதிதில் எங்கள் கோவில் ஆள் ஒருவர், நடராசா அண்ணை, எனக்கு அழைப்பெடுத்தார். "பிள்ளை, நான் ஒரு நாடகம் எழுதி வைச்சிருக்கிறன். நாங்களும் கறுப்புத்தானே? என்னைப் பார்த்து ஆரும் வெள்ளை எண்டு சொல்லுவினமே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் அபீனாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவருடைய நாடகத்தைப் போட உங்கள் ஆட்களிடம் மேடை இருக்கிறதா?"

"இருக்கு. வருஷா வருஷம் கலைவிழா நடக்குது."

"அப்போ அங்கே போடச் சொல்லு. நான் வந்து முன்வரிசையில் இருந்து பார்க்கிறேன். இங்கே எழுதுகிறவர்களுக்குத் தட்ட வேறு கதவு இல்லை, பரம்."

சொன்னபடியே கலைவிழாவுக்கு வந்தார். ஒரு சொல்லும் விளங்காமல் கடைசிவரை இருந்து, நடராசா அண்ணையின் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார். அபீனா அப்படிப்பட்ட ஆள். கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். அவர் மிக மெதுவாகக் கதைத்தால் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம்.

பரிசின் நடைமுறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

எழுத்துப் பிரதிகள் முதலில் ஓய்வுபெற்ற ஒரு வழக்கறிஞரிடம் போகும். அவர் பெயர்களை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நிறத்தில் அட்டை போட்டு எங்களிடம் தருவார். நீலம், மஞ்சள், சாம்பல் என்றுதான் நாங்கள் நாடகங்களை அழைப்போம். எழுதியது யார் என்று அபீனாவுக்கும் தெரியாது. கடைசிச் சுற்றுக்கு வந்த நாடகங்களை ஒனிஹங்காவில், பழைய துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு மர மண்டபத்தில் சனங்களுக்கு முன்னால் வாசிப்போம். வேஷம் இல்லை, காட்சி அமைப்பு இல்லை, ஓரிரு கதிரைகள் மட்டும். நடிகர்கள் கையில் பிரதியோடு நிற்பார்கள். எழுத்தாளர்கள் குடும்பத்தோடு சனத்துக்குள் சனமாக இருப்பார்கள். தங்களைக் காட்டிக்கொள்ளக் கூடாது. நடுவர்கள் மூன்று பேரும் கேட்டு முடித்து, பின்னறையில் பேசித் தீர்மானித்த பிறகுதான் பெயர் வெளியே வரும். அதற்கு முன் எழுதியவர் யார் என்று நடுவர்களுக்குத் தெரிந்துபோனால், அந்த நாடகம் அந்த வருடப் போட்டியில் இல்லை.

மேடைக் குறிப்புகளை வாசிப்பது என் வேலை. ‘கதவு திறக்கிறது’, ‘அவள் கோப்பையைக் கழுவுகிறாள்’ என்பவற்றை என் யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தில் ஓரமாக இருந்து வாசிப்பேன். ‘மௌனம்’ என்று வந்தால் அதை வாசித்துவிட்டு, நான் தலையசைக்கும்வரை யாரும் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

அந்த வருடம் சாம்பல் அட்டை போட்ட நாடகம் வந்தது.

ஒரு சமையலறை. ஒரு தங்கை. மேசையில் அவளுடைய அண்ணன் வந்து அமர்ந்திருக்கிறான். பாலைவனத்தைக் கடந்து வந்த வழியைச் சொல்கிறான். லொறியைப் பற்றி, தண்ணீர்க் கான் பற்றி, பக்கத்தில் இருந்தவன் பாடிய பாட்டைப் பற்றி. தங்கை சாப்பாடு போடுகிறாள். அவன் சாப்பிடுவதில்லை. அவள் மறுபடி சூடாக்கி வைக்கிறாள். அவன் அங்கே இல்லை என்பது போகப் போகத்தான் நமக்குத் தெரியவரும். கடைசியில் தங்கை, "வந்திட்டியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்று கேட்கிறாள். அதற்குப் பிறகு பிரதியில் இருந்தது இவ்வளவுதான்: ‘அண்ணன் வாயைத் திறக்கிறான். மௌனம்.’ நாடகம் அதோடு முடிகிறது.

அண்ணனாக வாசித்தவன் டேனியல். நைஜீரியப் பெற்றோருக்கு ஓக்லாந்தில் பிறந்தவன், பகலில் கைப்பேசிக் கடையில் வேலை. தங்கையாக வாசித்தவள் ரூத், நல்ல அனுபவசாலி. விளக்குகளுக்கு மணியம். மலேசியத் தமிழர், ஈப்போக்காரர். எங்கள் நால்வரோடு அபீனாவும் ஒத்திகைக்கு இருந்தார். வெளியே மழை. மண்டபத்துப் பலகைகள் மழைக்கு ஊறி ஒவ்வொன்றாக முனகுகிற நாள்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். நான் வாசித்தேன்: "அண்ணன் வாயைத் திறக்கிறான். மௌனம்."

டேனியல் வாயைத் திறந்தான். பிறகு சாதாரணமாக, கொஞ்சம் களைத்த குரலில் சொன்னான்: "விளக்கை அணை. எல்லாரும் வந்தாச்சு."

விளக்கு அணைந்தது.

நான் இருட்டில் பிரதியைப் பிடித்தபடி இருந்தேன். மணியம் அதை நாடகத்து வரி என்று நினைத்து அணைத்திருக்கிறார். மறுபடி வெளிச்சம் வந்ததும் கேட்டேன். "டேனியல், அந்த வரி எந்தப் பக்கத்திலை?"

"இங்கேதான்" என்று விரலை வைத்தான். பிறகு குனிந்து பார்த்தான். பக்கத்தைத் திருப்பினான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "இங்கே இருந்தது. நான் வாசிச்சேன், பரம். என் மனதிலிருந்து சொல்லவில்லை, வாசிச்சேன்."

என்னுடைய பிரதியைக் காட்டினேன். ரூத்தின் பிரதியையும் வாங்கிப் பார்த்தான். எதிலும் அது இல்லை.

அபீனா மிகவும் தணிந்த குரலில் சொன்னார்: "எழுதியவர் மௌனம் என்று எழுதியிருக்கிறார். மௌனமும் அவருடைய வரிதான். அதில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை. மறுபடி வாசியுங்கள்."

மறுபடி வாசித்தோம். டேனியல் மறுபடியும் அதையே சொன்னான். சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். முகத்தில் பயம் தெரிந்தது. "நான் சொல்லக் கூடாது என்றுதான் நினைச்சுக்கொண்டு நின்றேன்" என்றான்.

தேநீருக்கு நிறுத்தியபோது ரூத் என்னைத் தனியே கூட்டிப் போனாள். "அந்த வரியைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்க்கிறான். அங்கே யாரோ சுவிட்சுக்குக் கிட்ட நிற்கிற மாதிரி." நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே வெறும் பலகைச் சுவர்தான் இருந்தது.

மணியம் தன் பெட்டியை மூடிக்கொண்டே, "அக்கா, இந்த நாடகம் ஒரு மாதிரியா இருக்கு லா" என்றார். "எனக்கு நல்லாப் படல."

"பேசாமல் வேலையைப் பாரும்" என்றேன். ஆனால் அன்று காருக்குப் போகும்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம்.

வாசிப்பு ஒரு ஞாயிறு பிற்பகல். குளிர்காலம். மனுகாவ் துறையிலிருந்து அடித்த காற்றில் கதவு அடிக்கடி தானாகத் திறந்ததால், ஒரு கதிரையை முட்டுக்கொடுத்து வைத்தேன். மண்டபம் நிறைந்திருந்தது. எத்தியோப்பியர், சோமாலியர், சிம்பாப்வேக்காரர், ஜமைக்காக்காரர், பசிபிக் தீவுகளிலிருந்து வந்த கூட்டாளிகள். முன்வரிசையில் நடுவர்கள். நடராசா அண்ணையும் வந்திருந்தார். ஒவ்வொரு வருடமும் வருவார். நடுவில் ஓர் இளம் பெண், தலையிலிருந்து வெள்ளைத் துணி போர்த்திய வயதான தாயோடு இருந்தாள். தாய்க்கு ஆங்கிலம் விளங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. மற்றவர்கள் சிரித்தபோது அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சாம்பல் நாடகம் கடைசியாக வந்தது. டேனியல் மேடை ஏறுமுன் என்னிடம், "பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்" என்றான்.

மிக நன்றாக வாசித்தார்கள். அண்ணன் தண்ணீர்க் கானைப் பற்றிச் சொன்ன இடத்தில் ஒருவரும் அசையவில்லை. ரூத் கேட்டாள்: "வந்திட்டியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

நான் வாசித்தேன்: "அண்ணன் வாயைத் திறக்கிறான். மௌனம்."

டேனியல் வாயைத் திறந்தான். பிறகு மூடினான். தாடை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. மண்டபம் முழுவதும் ஒரே மூச்சாக இருந்தது. நான் தலையசைக்க வேண்டும். எனக்குக் கழுத்து அசையவில்லை. அந்த மௌனம் நான் பிடித்திருந்த மௌனம் இல்லை. அது யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றது.

அப்போது சனத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. எனக்குத் தெரியாத மொழி. சின்ன வசனம். வெள்ளைத் துணி போர்த்திய அந்தத் தாய் எழுந்து நின்றார். கண் டேனியலில் இல்லை, அவன் பக்கத்தில் இருந்த வெறுங்கதிரையில் இருந்தது. இன்னொரு தடவை அதையே சொன்னார். வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னார்.

விளக்கு அணைந்தது.

மறுபடி வெளிச்சம் வந்தபோது பக்கத்தில் இருந்த பெண் தாயைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள். அம்மா, அம்மா என்று திரும்பத் திரும்ப அழைத்தாள். தாய் அழவில்லை. நடுவர்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாடகத்துத் தங்கை அவள்தான். எழுதியது யார் என்று அந்த மண்டபத்தில் இனித் தெரியாத ஆள் இல்லை.

நான் நேரே மணியத்திடம் போனேன். "ஏன் அணைச்சனீர்? நாடகத்திலை அணைக்கச் சொல்லி இல்லையே!"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நீங்கதானே அக்கா அணைக்கச் சொன்னீங்க?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"யாரோ எம் பின்னால நின்னு சொன்னாங்க. ‘வெளக்க அணை, எல்லாரும் வந்தாச்சு’ன்னு. தெளிவா கேட்டுச்சு."

"என்ன மொழியிலை சொன்னது?"

வாய் திறந்தவர் நிறுத்தினார். "தமிழ்லதான்" என்றார். அவருக்குப் பின்னால் சுவரும் மழைக்கோட்டுகள் தொங்கிய ஆணிகளும்தான் இருந்தன.

அந்தப் பெண்ணின் பெயர் செலாம். எரித்திரியாவிலிருந்து தாயோடு வந்தவள். விரி என்ற இடத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை. பின்னறையில் அபீனாவும் நானும் அவளோடு இருந்தோம். தாய் என்ன சொன்னார் என்று அபீனா கேட்டார்.

"விளக்கை அணை, எல்லாரும் வந்தாச்சு என்று சொன்னார்" என்றாள் செலாம். "எங்கள் வீட்டில் கடைசியாக வருகிற ஆள் சொல்ல வேண்டிய வசனம் அது. அதைக் கேட்டால்தான் அம்மா வாசல் விளக்கை அணைக்க விடுவார். அண்ணன் வீட்டை விட்டுப் போனதிலிருந்து வாசல் விளக்கு அணைந்ததில்லை. இங்கே வந்த பிறகும், மாங்கெரே வீட்டில் பகலிலும் எரிகிறது. அவன் இறந்திட்டான் என்று தெரிந்தவர்கள் வந்து சொன்னார்கள். அம்மா அவர்களை வீட்டுக்குள் விடவில்லை."

அபீனா மெதுவாகக் கேட்டார்: "அந்த வசனத்தை நாடகத்தில் எழுதியிருந்தாயா? முந்திய பிரதி ஏதாவதில்?"

"இல்லை. அதைத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு தடவையும் கை வரவில்லை. எழுதினால் அவன் வரவே மாட்டான் என்று பயம். அதனால்தான் மௌனம் என்று போட்டேன். ஒருவருக்கும் சொன்னதும் இல்லை."

அபீனா என்னைப் பார்த்தார். ஒத்திகையில் டேனியல் சொன்னதைச் செலாமுக்கு நான்தான் சொன்னேன். அவள் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்கள் பெரிதாகி, என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தன. நானும் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

செலாமின் தாயை எனக்குப் புரிந்தது. போரின்போது காணாமல் போன என் தம்பியின் படம் எங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. மற்றப் படங்களுக்கு மாலை இருக்கிறது, அதற்கு இல்லை. அம்மா போகும்வரை போட விடவில்லை. அவர் போன பிறகு எங்களுக்கு மனம் வரவில்லை.

பரிசு விஷயம் மிச்சம் இருந்தது. நடுவர்களில் இருவர் சாம்பலுக்கே கொடுக்க விரும்பினார்கள். விதியைத் தளர்த்தலாம், இது யாருடைய குற்றமும் இல்லையே என்றார்கள். ஒருவர் அழுதிருந்தார். அபீனா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எங்களுக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு மெதுவாகச் சொன்னார்.

"அந்தத் தாயின் துக்கத்துக்கு நாம் பரிசு கொடுக்கக் கூடாது. நாளைக்கு இந்தப் பிள்ளையை, அம்மா அழுததால் பரிசு வாங்கியவள் என்று சொல்வார்கள். இவள் எழுத்தாளர். இன்னொரு நாடகம் எழுதுவாள்."

சாம்பல் அட்டை போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. ஹெண்டர்சனில் இருக்கும் ஒரு முடிதிருத்தும் கடையை வைத்து எழுதிய நகைச்சுவைக்குப் பரிசு போனது. அன்றைக்கு அபீனாவோடு எனக்குக் கோபம். நானாக இருந்தால் விதியை மீறித்தான் இருப்பேன். இரண்டு வருடம் கழித்துச் செலாமின் வேறொரு நாடகம், யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாமலே பரிசு வென்று, அவள் பெயர் வாசிக்கப்பட்டு, அவள் நிமிர்ந்து நடந்து மேடைக்கு வந்தபோதுதான் அபீனா செய்தது எனக்குப் பிடிபட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. வாசிப்பு முடிந்து ஒரு கிழமைக்குள் செலாம் அழைத்தாள். அம்மா பாதிரியாரை வரச் சொல்லியிருக்கிறார், அண்ணனுக்குத் துக்கம் காக்கிறோம், வாருங்கள் என்றாள். "ஒத்திகையில் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பையனையும் கட்டாயம் கூட்டி வரச் சொன்னார்."

டேனியலுக்கு வர விருப்பமில்லை. அந்த மண்டபத்துக்கே இனி வரமாட்டேன் என்றவன், நான் கேட்டதற்காக வந்தான். அபீனா, ரூத், மணியம், நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் போனோம். மாங்கெரேயில் சின்ன வாடகை வீடு. வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே வெள்ளைத் துணி போர்த்திய பெண்கள் சுவரோரமாக இருந்தார்கள். கரியில் கோப்பிக் கொட்டை வறுக்கிற மணம். ஒரு மேசையில் அண்ணனின் படம். செலாமின் சாயல். டேனியலின் சாயல் துளியும் இல்லை.

தாய் டேனியலைத் தனக்குப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். செலாம் மொழிபெயர்த்தாள்.

"உனக்கு அதை யார் சொன்னது என்று கேட்கிறார்."

டேனியல் வியர்த்துப் போனான். "எனக்குத் தெரியாது, அம்மா. உண்மையாகத் தெரியாது. அந்தத் தாளில் எழுதியிருந்தது என்று நினைத்தேன்."

செலாம் அதைத் தாய்க்குச் சொன்னாள். அறையில் இருந்த பெண்கள் கதையை நிறுத்தினார்கள். தாய் தலையை ஆட்டினார், எதிர்பார்த்த பதில் வந்த மாதிரி. முதல் கோப்பையில் கோப்பியை ஊற்றி டேனியலின் கையில் கொடுத்தார். பிறகு, அந்த நாள் முழுக்க நான் காணாத ஒரு சின்னச் சிரிப்போடு, செலாமிடம் ஏதோ சொன்னார். செலாம் சொல்லவா விடவா என்று தயங்கிவிட்டு எங்களுக்குச் சொன்னாள்.

"அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். பிந்தி வந்தால் பேச்சு விழும் என்று, தான் முன்னால் வரமாட்டானாம். வழியில் யாரையாவது பிடித்து, நான் வந்திட்டேன் என்று அம்மாவிடம் போய்ச் சொல்லு என்று அனுப்பிவிடுவானாம்."